பத்து வருசம் இருந்தால் காணி சொந்தமா?

காணிப் பிரச்சினை என்று வருகிற சனத்தின் வாயில் முதலில் வருகிற சொல் 'ஆட்சி', அதாவது காணியைத் தன் வசம் வைத்து ஆண்டுவருவது. "பத்து வருசம் ஆட்சி இருக்குது சேர், இனி அது என்ரை காணிதானே?" என்று ஒருவர் எழும்பிப் போக, கனடாவில் இருந்து இன்னொருவர் வட்ஸ்அப்பில், "எங்கடை வளவிலை இருக்கிறவைக்குப் பத்து வருசம் ஆகப்போகுது, காணி போயிடுமோ?" என்று பதறுவார். இரண்டு பேரும் வருசத்தைத்தான் எண்ணுகிறார்கள். நீதிமன்றமோ எண்ணத் தொடங்க முதல், இவர் காணிக்குள் எப்படி வந்தார் என்று கேட்கும்.

இந்தப் பத்து வருசக் கணக்கு இலங்கையின் 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின் 3ஆம் பிரிவில் இருந்து வருவது. இடையூறில்லாமல், விட்டுவிட்டு இல்லாமல், உரிமைக்காரரின் உரித்துக்கு எதிராகவோ அதைச் சாராமல் தனித்தோ பத்து வருடம் ஆண்டிருக்க வேண்டும். அந்தக் காலத்தில் வாடகை கொடுத்திருக்கக் கூடாது, விளைச்சலில் பங்கு கொடுத்திருக்கக் கூடாது, இது இன்னொருவரின் காணி என்று ஒப்புக்கொள்கிற மாதிரி எதுவும் செய்திருக்கவும் கூடாது. சனம் முதல் பாதியை மட்டும் கேட்டுக்கொண்டு போய்விடுகிறது.

ஒரு உதாரணம் பாருங்கள். லண்டன் போகிற சித்தப்பா திறப்பைக் கையில் தந்து, "வளவைப் பார்த்துக்கொள் தம்பி" என்கிறார். தம்பி குடும்பத்தோடு இருபது வருசம் இருக்கிறார், கூரை மாற்றுகிறார், வேலி அடைக்கிறார், கரண்ட் பில்லும் அவர் பெயரில்தான். ஆனால் நடுவில் ஒருநாள் "சித்தப்பா, கிணத்துக்குக் கட்டு கட்டவோ? தேங்காய் வித்த காசு உங்கடை கணக்கிலை போட்டிருக்கிறன்" என்று ஒரு செய்தி. அந்த இரண்டு வரி போதும், தம்பியின் ஆட்சி வழக்கு ஆட்டம் காண. அனுமதியோடு உள்ளே வந்தவர் எத்தனை வருசம் இருந்தாலும் அனுமதிக்காரர்தான். இனி இது என்னுடையது என்று உரிமைக்காரருக்குத் தெரியும்படி வெளிப்படையாக ஏதாவது செய்தால்தான், அன்றிலிருந்து கணக்கு ஓடத் தொடங்கும். மனதுக்குள் நினைத்துக்கொண்டால் ஓடாது.

சகோதரங்களுக்குள் இது இன்னும் சிக்கல். தாய் தகப்பனின் முதுசக் காணியில் அண்ணன் மட்டும் இருக்கிறார், தங்கச்சிமார் வெளியில். பங்காளர் ஒருவரின் ஆட்சி எல்லாப் பங்காளருக்குமான ஆட்சி என்று பிரிவி கவுன்சில் (அப்போது இலங்கை வழக்குகளுக்கு லண்டனில் இருந்த இறுதி மேன்முறையீட்டு மன்றம்) 1911இலேயே கொரயா எதிர் இசேரிஸ் அப்புஹாமி வழக்கில் சொல்லிவிட்டது. மற்றவர்களை உரித்தில் இருந்து வெளியேற்றியதை அண்ணன் காட்ட வேண்டும். மிக நீண்ட காலமும் வேறு சூழ்நிலைகளும் சேர்ந்தால் நீதிமன்றம் அதை ஊகித்துக்கொள்வதும் உண்டு, அதனால் தங்கச்சிமாரும் நிம்மதியாகப் படுத்துவிட வேண்டாம்.

பிறகு இந்த 'ஆட்சி உறுதி'. நொத்தாரிசிடம் போய் "நான் இத்தனை வருசமாக ஆண்டுவருகிறேன்" என்று தானே சொல்லி முடிக்கிற உறுதி அது. அதை நம்பி லட்சக்கணக்கில் கொடுத்துக் காணி வாங்குகிறவர்களை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வரும். எழுதியவரின் வாய்ச்சொல் முத்திரையோடு இருக்கிறது, அவ்வளவுதான். உரித்து உண்டா இல்லையா என்பது வழக்கு வந்தால் சாட்சியத்தில்தான் தெரியும். அரச காணி என்றால் ஆட்சியால் உரித்து என்ற பேச்சுக்கே இடமில்லை.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு அதே கட்டளைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு கொஞ்சம் கை கொடுக்கும். வழக்கு வைக்கும் உரிமை பிறக்கும்போது நீங்கள் கடல் கடந்து இருந்திருந்தால், அங்கே இருக்கும் வரை காலம் ஓடாது. நீங்கள் ஊரில் இருக்கும்போதே ஒருவர் அடாத்தாகப் புகுந்து, பிறகு நீங்கள் விமானம் ஏறினால் அந்தச் சலுகை இல்லை. எப்படியிருந்தாலும் எதிரான ஆட்சி முப்பது வருசத்தைத் தாண்டினால் வெளிநாட்டுக் கதை எடுபடாது. போர்க்காலத்துக்கு என்று 2016இல் 5ஆம் இலக்கச் சட்டம் வந்தது. ஆயுதக் குழுக்களின் நடவடிக்கையால் வழக்கு வைக்க முடியாமல் போனவர்களுக்கு 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைக் கழித்துவிடலாம் என்றது. அதையும் கால எல்லை வைத்தே தந்தார்கள், அது முடிந்துவிட்டது.

சரி, என்ன செய்யலாம்? யாரையாவது இருத்துவதென்றால், "இன்னாரின் அனுமதியோடு இருக்கிறேன், கேட்டால் எழும்புவேன்" என்று ஒரு கடிதத்தில் கையெழுத்து வாங்குங்கள், சொந்தக்காரர் என்றாலும். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை என்றால் நொத்தாரிசு முன் எழுத வேண்டும். சோலைவரியை உங்கள் பெயரிலேயே கட்டுங்கள், காணிப் பதிவகத்தில் இடைக்கிடை தேடிப் பாருங்கள், உங்களுக்குத் தெரியாமல் ஆட்சி உறுதி ஏதும் ஏறியிருந்தால் அங்கேதான் தெரியவரும். பழைய போனை மாற்றும்போது அந்தக் கிணற்றுக் கட்டுச் செய்தி மாதிரி ஏதாவது கிடந்தால், அழிக்க முதல் பிரதி எடுத்து வையுங்கள்.