கறையானுக்கு எழுதிக்கொடுத்த உத்தரவாதம்

"அமெரிக்காவில் வீடுகளுக்குப் பூச்சிமருந்து அடிக்கிற, புல்தரை பராமரிக்கிற நிறுவனங்கள் பங்குச் சந்தையில் இருக்கின்றன. பூச்சி ஒழியப்போவதே இல்லை. அப்புறம் இந்தத் தொழிலில் என்ன ஆபத்து?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். பங்கு வாங்கச் சொல்லவோ விற்கச் சொல்லவோ நான் ஆளில்லை. ஆனால் ஆபத்து எங்கே இருக்கிறது என்று சொல்ல முடியும். பெரும்பகுதி மண்ணுக்கடியில் இருக்கிறது.

வெளியே தெரிகிற ஆபத்துகளை முதலில் முடித்துவிடலாம். குளிர் நீண்டு வசந்தம் தள்ளிப்போனால் புல்லும் வளராது, ஈசலும் பறக்காது, வியாபாரம் படுத்துவிடும். மருந்தே காலை வாரலாம். 2010இல் டூபான்ட் நிறுவனத்தின் இம்ப்ரெலிஸ் என்ற களைக்கொல்லி புல்தரைகளுக்கு வந்தது. அது மண்வழியாக வேருக்குப் போய் ஸ்புரூஸ், வெள்ளைப் பைன் மரங்களையும் சாகடித்தது. 2011 ஆகஸ்டில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை விற்பனையை நிறுத்தியது. தயாரித்தது டூபான்ட், ஆனால் வீட்டுக்காரரிடம் முதலில் திட்டு வாங்கியது தெளித்தவர்கள். அடுத்தது ஊழியர்கள் செய்யும் விதிமீறல். வீடுகளுக்குள் பயன்படுத்த 1984லேயே தடைசெய்யப்பட்ட மீத்தைல் புரோமைடு வாயுவை, 2015இல் அமெரிக்க விர்ஜின் தீவுகளின் செயின்ட் ஜான் தீவில் ஒரு விடுதியில் டெர்மினிக்ஸ் என்ற பூச்சி ஒழிப்பு நிறுவனத்தின் ஆட்கள் பயன்படுத்தினார்கள். மேல்தளத்தில் தங்கியிருந்த ஒரு குடும்பம் மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்டது. நிறுவனம் குற்றத்தை ஒப்புக்கொண்டது.

சரி, கறையானுக்கு வருவோம். கரப்பானுக்கு மருந்து அடித்தால் வேலை அன்றோடு முடிந்தது. கறையான் விஷயத்தில் அமெரிக்க நிறுவனங்கள் ஓர் உத்தரவாதம் எழுதிக் கொடுக்கின்றன. ஆண்டுதோறும் கட்டணம் கட்டினால் கறையான் திரும்பி வந்தாலும் மருந்து வைப்பார்கள். சில ஒப்பந்தங்களில் அரித்த மரத்தையும் சரிசெய்து தருவார்கள். இது பாதி பூச்சிமருந்து வியாபாரம், பாதி காப்பீடு. காப்பீட்டுக்காரருக்குக் கணக்கு தெரிய வேண்டும். இங்கே கணக்கு மூலக்கூறின் ஆயுளில் இருக்கிறது.

குளோர்டேன் என்ற மருந்தை மண்ணில் ஊற்றினால் இருபது ஆண்டுகளுக்கு மேல் அப்படியே கிடக்கும். உத்தரவாதம் எழுத அதைவிட வசதி வேறென்ன? ஆனால் அந்தச் சிதையாத குணமே மனித உடலிலும் சேர்ந்தது. 1988இல் கறையானுக்கும் அதைத் தடை செய்தார்கள். பின்னால் வந்தவை அவ்வளவு நாள் தாங்குபவை அல்ல. மருந்தின் ஆயுள் குறைந்தது, வாக்கின் ஆயுள் குறையவில்லை.

இதற்கு வந்த ஒரு விடைதான் எனக்கு மிகவும் பிடித்தது. புளோரிடா பல்கலைக்கழகத்தின் நான்-யாவ் சு என்ற பூச்சியியலாளர், மண்ணில் நச்சுச் சுவர் கட்டுவதை விட்டு, கறையான் புற்றையே அழிக்க நினைத்தார். இரையில் நஞ்சு வைத்தால் போதாதா? போதாது. நரம்பு நஞ்சு, நிறையத் தின்றதைச் சீக்கிரம் கொல்லும், கொஞ்சம் தின்றதை மெதுவாகக் கொல்லும். நிறையத் தின்றவை இரைக்கு அருகிலேயே செத்து விழும். பிணம் கிடக்கிற பாதையைக் கறையான் மண்ணால் அடைத்துவிட்டு வேறு வழி போய்விடும். லட்சக்கணக்கான மற்றவை பிழைத்துக்கொள்ளும்.

அவர் தேர்ந்தெடுத்தது ஹெக்ஸாஃப்ளூமுரான். அது நரம்பைத் தொடுவதில்லை, கைட்டின் உருவாவதைத் தடுக்கிறது. பூச்சியின் மேல்தோல் கைட்டினால் ஆனது என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். வேலைக்காரக் கறையான் அந்தத் தோலை அவ்வப்போது உரித்துப் புதிதாகப் போட்டுக்கொண்டே இருக்கும். நஞ்சு உள்ளே போனாலும் தோலுரிக்கும் நாள் வரை அதற்கு ஒன்றும் ஆகாது. தின்னும், திரியும், வாய்க்கு வாய் மற்றவற்றுக்கு ஊட்டும். தன் முறை வந்ததும் பழைய தோலைக் கழற்றும், புதியது உருவாகாமல் சாகும். எவ்வளவு தின்றது என்பது சாகும் நாளைத் தீர்மானிப்பதில்லை. கடிகாரம் பூச்சியின் உடலுக்குள்ளேயே இருக்கிறது!

இன்னொரு நேர்த்தியும் உண்டு. தோலுரிக்க வேண்டிய நேரத்தில் ஃபார்மோசா என்ற இனத்துக் கறையான்கள் நடுப்புற்றுக்குத் திரும்பிவிடுகின்றன என்று அதே பல்கலைக்கழகத்தில் பிற்பாடு கண்டறிந்தார்கள். சாவு ராஜா ராணி இருக்குமிடத்துக்கு அருகில் நடக்கிறது, இரைப் பக்கம் பிணமே இல்லை. ராஜாவும் ராணியும் சிப்பாய்களும் தோலுரிப்பதில்லை, அதனால் நஞ்சு அவற்றை நேராகக் கொல்லாது. ஆனால் சிப்பாயின் பெரிய தாடையால் தானே தின்ன முடியாது, யாராவது ஊட்ட வேண்டும். ஊட்டுகிறவர்கள் போய்விட்டால் மொத்தக் குடியும் பட்டினியில் முடிகிறது. 1995இல் இது சென்ட்ரிகான் என்ற பெயரில் சந்தைக்கு வந்தது.

ஆனால் இந்த இரையை வைத்து வீட்டைச் சுற்றி மண்ணில் புதைக்கும் குழாய்களை அவ்வப்போது எட்டிப்பார்க்க ஆள் வேண்டும். ஒரு குடி அழிந்த இடத்தில் பக்கத்துக் குடி வந்து சேரும். யாரும் பார்க்காத இரைக்குழாய் வெறும் பிளாஸ்டிக். இரண்டாம் உலகப் போருக்குப் பின் ராணுவச் சரக்கோடு கிழக்காசியாவிலிருந்து அமெரிக்காவுக்கு வந்த ஃபார்மோசா கறையானின் ஒரு குடியில் பல லட்சம் பூச்சிகள் இருக்கும். அலபாமாவின் மொபீல் வட்டாரத்தில் அதனிடம் மாட்டியவர்கள் டெர்மினிக்ஸ் வாடிக்கையாளர்கள். பணம் வாங்கிய வேலையை ஒழுங்காகச் செய்யவில்லை, கட்டணத்தை வேறு ஏற்றினார்கள் என்பது புகார். 2020இல் மாநில அரசோடு சுமார் 6 கோடி டாலருக்குச் சமரசம் ஆனது. 2022இல் ரென்டோகில் என்ற பிரிட்டிஷ் பூச்சி ஒழிப்பு நிறுவனம் டெர்மினிக்ஸை வாங்கியபோது பழைய கறையான் வழக்குகளும் கூடவே வந்தன.

இவ்வளவு பணம் புழங்குகிற தொழில், ஆராய்ச்சிக்கு இன்னும் தாராளமாகக் கொடுக்கலாம் என்பது என் கருத்து. நியூ ஆர்லியன்ஸின் பிரெஞ்சு குவார்ட்டரில் 1998இல் அமெரிக்க வேளாண் துறை தொடங்கிய கறையான் ஒழிப்புத் திட்டம், பகுதி முழுவதையும் ஒரே களமாக எடுத்துக்கொண்டது. அரசு நிதி நின்றதும் அதுவும் நின்றது. இதற்கிடையில் தெற்கு புளோரிடாவில் ஃபார்மோசா கறையானும் ஆசியக் கறையானும் கலந்து, கலப்பினக் குடிகளே உருவாகியிருக்கின்றன. அங்குள்ள வீடுகளுக்கு எழுதிக்கொடுத்த உத்தரவாதங்கள் இந்தக் கலப்பைக் கணக்கில் எடுத்தனவா என்பதுதான் கேள்வி.