அரை அங்குலச் சிவப்பணு

ரத்தப் பூச்சை (ஸ்லைடில் மெல்லியதாகப் பூசிய ரத்தம்) நுண்ணோக்கியில் எடுத்த டிஃப் (TIFF) படத்தை, படங்களை அளக்க உதவும் இமேஜ்ஜே (ImageJ) மென்பொருளில் திறந்து, ஒரு சிவப்பணுவின் குறுக்கே கோடு போட்டு அளந்தால் 0.46 அங்குலம் என்று வருகிறது, ஏன் என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். மென்பொருள் பொய் சொல்லவில்லை. அந்த செல் படத்தில் 44 பிக்சல் அகலம். கோப்புக்குள் 96 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 96 பிக்சல், என்று பதிவாகியிருக்கிறது. 44-ஐ 96-ஆல் வகுத்தால் 0.46. அது அச்சுக்கும் திரைக்குமான குறிப்பு. நுண்ணோக்கிக்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.

ஒரு மைக்ரோமீட்டருக்கு எத்தனை பிக்சல் என்பதை நாம்தான் சொல்லித்தர வேண்டும். கணக்குப் போட்டும் சொல்லலாம். கேமரா சென்சாரின் ஒரு பிக்சல் 3.45 மைக்ரோமீட்டர், அப்ஜெக்டிவ் (ஸ்லைடுக்கு அருகே இருக்கும் வில்லை) 40 மடங்கு, கேமராவை நுண்ணோக்கியோடு இணைக்கும் அடாப்டர் 0.5 மடங்கு என்றால் 3.45 ÷ (40 × 0.5) = 0.1725. அதாவது படத்தின் ஒரு பிக்சல் ஸ்லைடில் 0.1725 மைக்ரோமீட்டர். திருப்பிப் போட்டால் மைக்ரோமீட்டருக்கு 5.80 பிக்சல். ஆனால் அப்ஜெக்டிவின் மேல் 40 என்று பொறித்திருந்தாலும் உள்ளே அது அச்சு அசலாக 40 ஆக இருக்காது. சற்று முன்னேபின்னே இருக்கும். அடாப்டரும் அப்படித்தான்.

அதனால் ஸ்டேஜ் மைக்ரோமீட்டர் வேண்டும். கண்ணாடி ஸ்லைடில் 1 மில்லிமீட்டரை 100 பாகமாகக் கோடு கிழித்திருப்பார்கள். ஒரு பாகம் 10 மைக்ரோமீட்டர். விலை உயர்ந்த நுண்ணோக்கியை வாங்கிவிட்டு இந்தத் துண்டுக் கண்ணாடியை வாங்காமல் விடும் ஆய்வகங்களின் கணக்கு எனக்குப் புரிந்ததே இல்லை. ஸ்லைடைப் படமெடுங்கள், கோடு இழுங்கள், அனலைஸ் மெனுவில் செட் ஸ்கேல் போய்த் தெரிந்த தூரத்தையும் அலகையும் எழுதுங்கள். இரண்டு நிமிட வேலை.

கோட்டை எங்கே தொடங்கி எங்கே முடிப்பது? விஷயமே அதில்தான் இருக்கிறது. ஸ்லைடில் உள்ள கோட்டுக்கும் தடிமன் உண்டு. 2 மைக்ரோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கோட்டின் வெளி ஓரத்திலிருந்து அடுத்த கோட்டின் வெளி ஓரம் வரை இழுத்தால் 10-க்குப் பதில் 12-ஐ அளக்கிறீர்கள். பிழை 20 சதவீதம். அதே தவறை 40 பாகம் தள்ளிச் செய்தால் 400-க்கு 402, வெறும் 0.5 சதவீதம். அதனால்தான் படத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை இழுக்கச் சொல்கிறோம்.

அந்த அரை சதவீதத்தையும் விரட்ட ஓர் அழகான வழி இருக்கிறது. லைன் கருவியை இரட்டைச் சொடுக்கி அகலத்தை 50 பிக்சல் ஆக்கி, ஸ்லைடின் கோடுகளுக்குச் செங்குத்தாக இழுத்து, பிளாட் புரொஃபைல் (கோட்டின் வழியே வெளிச்சம் ஏறி இறங்குவதைக் காட்டும் வரைபடம்) கொடுங்கள். 50 பிக்சலின் சராசரி என்பதால் இரைச்சல் அடங்கி, ஒவ்வொரு கோடும் வரைபடத்தில் ஒரு பள்ளமாக விழும். 40 பாகத்துக்கு 41 பள்ளம். ஃபோகஸ் கொஞ்சம் தவறினாலோ வெளிச்சம் கூடினாலோ கோட்டின் ஓரம் நகரும். மங்கல் இரு பக்கமும் சமமாகப் பரவுவதால் பள்ளத்தின் அடி மட்டும் நகராது! முதல் பள்ளத்தின் அடிக்கும் கடைசிப் பள்ளத்தின் அடிக்கும் இடையே 2352 பிக்சல் வந்தால், 2352 ÷ 400 = 5.88. மேலே போட்ட கணக்கோடு 1.4 சதவீத வித்தியாசம். இந்த 2352-ஐ செட் ஸ்கேலில் கையால் தட்டிவிடலாம். புரொஃபைல் எடுக்கும் முன் பழைய அங்குலக் கணக்கை நீக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் அச்சில் பிக்சலுக்குப் பதில் அங்குலம் நிற்கும். கோடு 5 டிகிரி சாய்ந்தால் நீளம் 0.4 சதவீதம் கூடுவதோடு பள்ளங்களும் அகன்று தட்டையாகும்.

செட் ஸ்கேலில் குளோபல் என்று ஒரு கட்டம் இருக்கிறது. டிக் செய்தால் திறக்கும் எல்லாப் படத்துக்கும் அதே அளவு. வசதிதான், வம்பும் அதுதான். 10 மடங்கு அப்ஜெக்டிவுக்குப் போட்ட அளவை மறந்து 40 மடங்குப் படத்தை அளந்தால் நீளம் 4 மடங்கு, பரப்பு 16 மடங்கு எகிறும். மனிதச் சிவப்பணு 7 முதல் 8 மைக்ரோமீட்டர். நம் 44 பிக்சல் செல் 5.88-இன்படி 7.5 வருகிறது, சரி. அதுவே 30 என்று காட்டினால் குளோபலைப் போய்ப் பாருங்கள்.

படத்தை வெட்டினால் அளவு மாறாது. இமேஜ்ஜேக்குள்ளேயே சிறிதாக்கினாலும் அதுவே கணக்கைத் திருத்திக்கொள்ளும். வேறு மென்பொருளில் 2448 பிக்சல் படத்தை 1224 ஆக்கிக் கொண்டுவந்தால் 5.88 செல்லாது, 2.94 ஆகிவிடும். கேமராவில் 2×2 பின்னிங் (நான்கு பிக்சலை ஒன்றாகச் சேர்ப்பது) போட்டாலும் இதே கதை. கண்ணருகு வில்லையில் கைபேசியை வைத்து எடுப்பவர்கள் ஒவ்வொரு முறையும் ஸ்லைடையும் அதே ஜூமில் எடுத்தாக வேண்டும்.

படத்தின் கீழே '400 மடங்கு' என்று எழுதும் பழக்கம் இன்னும் போகவில்லை. கைபேசியில் பார்த்தால் எத்தனை மடங்கு, சுவரில் புரொஜெக்டரில் பார்த்தால் எத்தனை மடங்கு? அனலைஸ் மெனுவின் டூல்ஸில் ஸ்கேல் பார் இருக்கிறது. 50 மைக்ரோமீட்டர் பட்டை ஒன்றைப் படத்திலேயே பதித்துவிட்டால், படம் பெருத்தால் அதுவும் பெருக்கும், சிறுத்தால் அதுவும் சிறுக்கும். பதித்த பிரதியை வேறு பெயரில் சேமியுங்கள். பட்டைக்கு அடியில் போன பிக்சல்கள் திரும்பி வராது.