குறைந்தபட்ச ஏலத்தொகை ஒழிந்துவிடவில்லை, கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குப் போயிருக்கிறது

கூகுள் போன்ற தேடுபொறிகளில் முடிவுகளோடு வரும் தேடல் விளம்பரங்களின் கணக்குகளைக் கவனிக்கும் வேலையில், "இந்தக் கீவேர்டுக்கு மினிமம் பிட் எவ்வளவு?" என்ற கேள்வியை இன்னமும் கேட்க வேண்டியிருக்கிறது. கீவேர்டு என்பது விளம்பரம் கொடுப்பவர் தேர்ந்தெடுக்கும் தேடல் சொல்; மினிமம் பிட் என்பது அதற்கு ஒரு க்ளிக்குக்கு வைக்க வேண்டிய குறைந்தபட்ச ஏலத்தொகை. அண்மையில் வந்த ஒருவர், தம் நிறுவனத்தின் பெயருக்கே விளம்பரம் கொடுத்திருந்தார். அந்தச் சொல்லுக்கு வேறு யாரும் ஏலம் கேட்கவில்லை. ஆனாலும் க்ளிக் கட்டணம் மாதாமாதம் ஏறியது. போட்டியாளர் யாரோ சூழ்ச்சி செய்கிறார் என்று முடிவு கட்டி, தம் ஏலத்தொகையை இரு மடங்காக்கிவிட்டுத்தான் என்னிடம் வந்தார். இப்படி வரும் கணக்குகள் ஒன்றிரண்டல்ல என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

1998-இல் கோடூ என்ற தேடுபொறி நிறுவனம் க்ளிக்குக்குக் காசு (விளம்பரத்தை யாராவது க்ளிக் செய்தால் மட்டும் கட்டணம்) என்ற முறையைத் தொடங்கியபோது அடிவிலை எல்லோருக்கும் ஒன்றாக, வெளிப்படையாக இருந்தது. கூகுள் 2002-இல் ஏலத்தொகையோடு க்ளிக் விகிதத்தையும் (விளம்பரத்தைப் பார்த்தவர்களில் எத்தனை பேர் க்ளிக் செய்தார்கள் என்பதையும்) சேர்த்து வரிசைப்படுத்தத் தொடங்கி, 2005-இல் ஒவ்வொரு கீவேர்டுக்கும் அதன் தரத்தைப் பொறுத்துத் தனித்தனிக் குறைந்தபட்சத் தொகை வைத்தது. மறு ஆண்டு, க்ளிக் செய்பவர் போய்ச் சேரும் பக்கமான லேண்டிங் பேஜின் தரமும் கணக்கில் சேர்ந்தபோது, சில சென்ட்டுகளில் ஓடிக்கொண்டிருந்த கீவேர்டுகள் சிலவற்றுக்கு 5 டாலர், 10 டாலர் என்று கேட்கப்பட்டதைப் பழையவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2008-இல் அந்தக் குறைந்தபட்சத் தொகை எடுக்கப்பட்டு, 'ஃபர்ஸ்ட் பேஜ் பிட்' என்ற மதிப்பீடு அந்த இடத்துக்கு வந்தது.

குழப்பம் அங்கேதான் பிறந்தது. அந்த மதிப்பீடு அடிவிலையும் அல்ல, நீங்கள் செலுத்தப்போகும் விலையும் அல்ல; முதல் பக்கத்தில் இடம்பெற எவ்வளவு தேவைப்படலாம் என்ற தோராயம் மட்டுமே. அதை அப்படியே எடுத்து ஏலத்தொகையாகப் போடுவது, விற்பவர் தோராயமாகச் சொன்னதையே பேரம் பேசாமல் ஒப்புக்கொள்வதாகும். உண்மையான அடிவிலை, ஆட் ரேங்க் (ஏலத்தொகையும் தரமும் சேர்ந்த மதிப்பெண்) வரம்பு என்ற பெயரில், ஒவ்வொரு தேடலின்போதும் புதிதாகக் கணக்கிடப்படுகிறது. விளம்பரத்தின் தரம், அது வரும் இடம், தேடுபவரின் கருவி, அவர் இருக்கும் ஊர், தேடலின் பொருள் எல்லாம் அதில் சேர்வதால், ஒரே கீவேர்டுக்குக் காலையில் கைப்பேசியில் இருக்கும் வரம்பு மாலையில் கணினியில் இருக்க வேண்டியதில்லை. உங்களுக்குக் கீழே போட்டியாளர் இருந்தால், அவரை முந்தத் தேவையான அளவே செலுத்துவீர்கள். யாருமே இல்லையென்றால் அந்த வரம்புதான் உங்கள் விலை. போட்டியில்லாதவருக்கும் கட்டணம் ஏறுவது இதனால்தான். ஏலத்தொகையை உயர்த்தினால் அந்த வரம்பு இறங்காது; நாளை அது ஏறும்போது தடுக்க வேண்டிய உச்சவரம்பைத்தான் நீங்களே தூக்கி வைத்துவிடுகிறீர்கள்.

ஏலத்தில் கூகுள் செய்யும் மாற்றங்களால் விலை ஏறும் என்பது வெறும் ஊகம் அல்ல. அமெரிக்க அரசு கூகுள்மீது தொடுத்த வழக்கில், 2023 செப்டம்பரில், அதன் விளம்பரப் பிரிவின் உயர் அதிகாரி ஜெர்ரி டிஷ்லர், ஏலத்தில் செய்யும் மாற்றங்களால் விலை 5 விழுக்காடு, சிலவேளை 10 விழுக்காடுவரை கூட உயர்ந்திருக்கலாம் என்று சாட்சியம் அளித்தார். 2024 ஆகஸ்டில் நீதிபதி அமித் மேத்தா, தேடலின் எழுத்து விளம்பரச் சந்தையில் கூகுளுக்கு ஏகபோக ஆதிக்கம் இருப்பதாகத் தீர்ப்பளித்தார்.

இனி வரும் காலம் இதைவிட மறைவானது. ஏலத்தொகையை இயந்திரமே வைக்கிறது, கீவேர்டைத் தாண்டிய தேடல்களையும் அதுவே சேர்க்கிறது, செயற்கை நுண்ணறிவு தரும் சுருக்க விடைகளுக்குள்ளும் விளம்பரம் நுழைந்துவிட்டது. அடிவிலையும் ஏலத்தொகையும் ஒரே கையில் இருக்கும்போது, உங்கள் கையில் மிஞ்சுவது உங்கள் உச்சவரம்பு மட்டுமே.

அதை விற்பவரின் திரையிலிருந்து எடுக்காதீர்கள். உங்கள் கணக்குப் புத்தகத்திலிருந்து எடுங்கள். ஒரு விற்பனையில் 100 லாபம் கிடைத்து, 50 க்ளிக்கில் ஒன்று விற்பனையாகிறது என்றால், ஒரு க்ளிக்குக்கு 2-க்கு மேல் கொடுக்கும் ஒவ்வொரு முறையும் நட்டம்தான். கன்வெர்ஷன் (க்ளிக் விற்பனையாகவோ விசாரிப்பாகவோ மாறுவது) பதிவு சரியாக இல்லாத கணக்கில் தானியங்கி ஏலத்தை இயக்கவே இயக்காதீர்கள். இலக்குத் தொகை எதுவும் கொடுக்காமல் 'மேக்ஸிமைஸ் கன்வெர்ஷன்ஸ்' என்ற தானியங்கி முறையை வைத்தால் அது அன்றைய பட்ஜெட் முழுவதையும் செலவழிக்கவே முயலும். அதைக் குறை சொல்லிப் பயனில்லை, நீங்கள் இட்ட வேலையே அதுதான். கூகுள் தரும் பரிந்துரைகளைத் தானாக ஏற்கும் வசதியை அணைத்து வையுங்கள். மக்கள் உண்மையில் தேடிய சொற்களைக் காட்டும் சர்ச் டெர்ம்ஸ் அறிக்கையை வாரம் ஒருமுறையாவது திறந்து, தொடர்பில்லாத தேடல்களை, விளம்பரம் வரக் கூடாத சொற்களாக, அதாவது நெகட்டிவ் கீவேர்டாகச் சேருங்கள். இம்ப்ரெஷன் ஷேர் (விளம்பரம் தோன்றக்கூடிய வாய்ப்புகளில் உண்மையில் தோன்றிய பங்கு) குறைந்தால், பட்ஜெட்டால் குறைந்ததா, ரேங்க்கால் குறைந்ததா என்று பாருங்கள். ரேங்க்கால் என்றால், ஏலத்தொகைக்குப் போகும் முன் விளம்பர வாசகத்தையும் லேண்டிங் பேஜையும் திருத்துங்கள். சிறு தொழில் நடத்துபவர்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன்: ஏலத்தொகையை உயர்த்தும் பொத்தானைத் தொடும் முன், இந்தக் கணக்கை ஒருமுறை தாளில் போட்டுப் பாருங்கள்.