டாக்கோவைத் தாங்கும் சுண்ணாம்பு

மெக்சிகோ நகரத்தின் கொண்டேசா, ரோமா பேட்டைகளில் டாக்கோ (மெல்லிய ரொட்டியில் கறி வைத்து மடித்தது) விற்கும் புதுப்பாணிக் கடைகள் நிறைய வந்துவிட்டன. மேசை நாலைந்துதான் இருக்கும். ஆனால் பல கடைகளில் உள்ளேயே ஓர் அரைவை எந்திரம் ஓடும். சமையல் கலைஞர் என்ரிக்கே ஓல்வேரா 2018இல் கொண்டேசாவில் தொடங்கிய ‘மொலினோ எல் புஹோல்’ அப்படி ஒன்று. பன்றி இறைச்சியா, மீனா, காளானா என்று வருகிறவர்கள் யோசித்துக்கொண்டிருக்க, கடைக்காரரின் கவலையெல்லாம் அடியில் கிடக்கும் டோர்ட்டியா என்ற மக்காச்சோள ரொட்டியைப் பற்றித்தான். அது சரியான கவலை என்பேன். டாக்கோவில் பெரிய அறிவியல் வேலை நடந்திருப்பது அந்த மெல்லிய ரொட்டியில்.

காய்ந்த மக்காச்சோளத்தை அப்படியே மாவாக்கி, தண்ணீர் விட்டுப் பிசைந்தால் மாவு சேராது, உதிரும். கோதுமையில் குளூட்டன் என்ற புரதம் வலைபோலப் பின்னிக்கொண்டு மாவை இழுத்துப் பிடிக்கிறது. மக்காச்சோளத்தில் உள்ள ஸெயின் என்ற புரதத்துக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. பஞ்சாபில் மக்கி ரொட்டி செய்பவர்கள் வெந்நீர் விட்டுப் பிசைந்து, உள்ளங்கையில் பதமாகத் தட்டுவார்கள். அப்படியும் ஓரம் வெடிக்கும். டோர்ட்டியாவோ மடித்தாலும் கிழியாமல், சாறு ஒழுகும் கறியைத் தாங்குகிறது. இரண்டும் ஒரே தானியம்தான். வித்தியாசம் சுண்ணாம்பில் இருக்கிறது.

வெற்றிலையில் தடவுகிறோமே, அதே சுண்ணாம்பு: கால்சியம் ஹைட்ராக்சைடு. மக்காச்சோளத்தின் எடையில் சுமார் 1 சதவீதம் போதும். அதைத் தண்ணீரில் கரைத்து, முழு மணிகளைப் போட்டு, தளதளவென்று கொதிக்கவிடாமல் வேகவைத்து, இரவு முழுக்க அப்படியே ஊறவிடுவார்கள். காலையில் ஒரு மணியை எடுத்து விரலால் தேய்த்தால் மேல்தோல் வழுவழுவென்று கழன்று வரும். இப்படிப் பக்குவமான மணிக்கு நிக்ஸ்டமால் என்று பெயர். இதை எரிமலைக் கல்லில் கொத்திய அரைவைக் கற்களுக்கு நடுவே ஈரத்தோடு அரைத்தால் மாசா என்ற மாவு கிடைக்கும்.

அந்த இரவில் மணிக்குள் பல வேலைகள் ஒன்றாக நடக்கின்றன. தோலின் செல்களை ஒட்டிவைத்திருக்கும் ஹெமிசெல்லுலோஸ் என்ற நார்ப்பொருளைச் சுண்ணாம்பின் காரம் (நாக்கில் உறைக்கும் காரமல்ல, அமிலத்துக்கு எதிரான அல்கலி) கரைத்துவிடுகிறது. கால்சியம் உள்ளே புகுந்து, செல்சுவரிலுள்ள பெக்டின் போன்ற பொருள்களைக் குறுக்கே பிணைக்கிறது. மாவுச்சத்தில் ஒரு பகுதி மட்டும் வெந்து பசையாகிறது. முழுக்க வெந்துவிட்டால் மாவு பிசுபிசுத்துக் கையில் ஒட்டும், அதனால்தான் கொதிக்கவிடாமல் இத்தனை பார்த்துப் பார்த்துச் செய்கிறார்கள். முளைக்கருவில் இருக்கும் எண்ணெயிலும் கொஞ்சம் உடைந்து, நீரையும் கொழுப்பையும் சேர்த்துவைக்கும் பொருளாக மாறுகிறது. குளூட்டன் செய்யும் வேலையை இவையெல்லாம் பங்கு போட்டுக்கொண்டு முடித்துவிடுகின்றன.

மணம் வருவதும் இதனால்தான். பச்சை மக்காச்சோள மாவில் இல்லாத ஒரு மண்வாசனை டோர்ட்டியாவில் இருக்கும். அதற்கு முக்கியக் காரணமான சேர்மத்தின் பெயர் 2-அமினோஅசெட்டோஃபினோன். டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலம் காரத்தில் சிதைவதால் அது உண்டாகிறது.

நிறத்திலும் சுண்ணாம்பின் கைவேலை தெரியும். வெள்ளை மக்காச்சோளம் ஊறியதும் இளமஞ்சளாகிவிடும். நீல மக்காச்சோளத்தில் இருப்பது ஆந்தோசயனின் என்ற நிறமி, அது அமிலம் பட்டால் ஒரு நிறம், காரம் பட்டால் இன்னொன்று. ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவக்கிற அதே வகை விளையாட்டு. நீல டோர்ட்டியா கிடைத்தால் ஓரத்தில் எலுமிச்சைச் சாறு இரண்டு சொட்டு விட்டுப் பாருங்கள், அந்த இடம் மட்டும் இளஞ்சிவப்பாகும்.

இவ்வளவும் வாய்க்கு. உயிருக்கு இதைவிடப் பெரிய வேலை ஒன்றைச் சுண்ணாம்பு செய்தது. மக்காச்சோளத்தில் நியாசின் என்ற பி வைட்டமின் உண்டு. ஆனால் பெரும்பகுதி வேறு மூலக்கூறுகளோடு பிணைந்திருப்பதால் குடல் அதை எடுத்துக்கொள்ள முடியாது. காரம் அந்தப் பிணைப்பை அறுக்கிறது. மெக்சிகோவிலும் குவாதமாலாவிலும் 3000 ஆண்டுகளுக்கும் மேலாக மக்கள் இப்படியே சமைத்துவந்தார்கள். கொலம்பஸுக்குப் பிறகு மக்காச்சோளம் உலகம் சுற்றக் கிளம்பியது, சுண்ணாம்புப் பக்குவம் கூடப் போகவில்லை. விளைவு பெலாக்ரா: வெயில் படும் தோல் வெடிக்கும், வயிற்றுப்போக்கு, புத்தித் தடுமாற்றம், கடைசியில் மரணம். ஸ்பெயினில் காஸ்பர் கசால் 1735இல் இந்த நோயை விவரித்தார். வட இத்தாலியின் ஏழை விவசாயிகளையும் பிறகு அமெரிக்கத் தென்மாநிலங்களையும் அது வாட்டியது. தொற்றுநோய் என்றே பலரும் நம்பினார்கள். உணவுக் குறைபாடுதான் என்று 1910களில் ஜோசப் கோல்ட்பெர்கர் காட்டினார். குறைவது நியாசின் என்பது 1937இல் கான்ராட் எல்விஹெம் ஆய்வில் தெளிவானது. (நம் ஊர்ப் பக்கமும் இந்தக் கதைக்கு ஒரு கிளை உண்டு. வெள்ளைச்சோளமே உணவாக இருந்த தக்காணத்து ஏழைகளிடம் கண்ட பெலாக்ராவை ஹைதராபாத்தில் ஆராய்ந்தவர், சேலத்தில் பிறந்த சி. கோபாலன்.)

சரி, அடுப்புக்கு வருவோம். உருண்டையை அழுத்தி வட்டமாக்கி, கோமால் என்ற சூடான தட்டில் போடுகிறார்கள். முதல் பக்கம் சில விநாடிகளில் காய்ந்து மெல்லிய தோல் கட்டுகிறது. திருப்பிப் போட்டால் அடுத்த பக்கமும் அப்படியே. நடுவில் மாட்டிக்கொண்ட ஈரம் நீராவியாகி வெளியேற வழியில்லாமல் இரண்டு தோலையும் பிரித்துத் தள்ள, டோர்ட்டியா உப்புகிறது. மாவு வறண்டிருந்தாலோ கொரகொரவென்று அரைபட்டிருந்தாலோ ஆவி கசிந்துவிடும், உப்பாது. பொட்டலத்தில் விற்கும் உலர்ந்த மாசா மாவில் செய்தாலும் உப்பும். மணம் மட்டும் எனக்கு என்னவோ பாதிதான் வருகிறது.

கல்லிலிருந்து எடுத்ததும் துணியில் பொதிந்து வைப்பார்கள். ஆறினால் வெந்த மாவுச்சத்து மறுபடி இறுகி ஒழுங்காக அடுக்கிக்கொள்ளும், டோர்ட்டியா விறைத்து மடிக்கும்போது உடையும். டாக்கோவைக் கையில் வாங்கிய உடனே சாப்பிடச் சொல்வதற்குக் காரணம் இதுதான், படம் எடுத்துக்கொண்டிருந்தால் நஷ்டம் நமக்கு. விறைத்ததைக் கடைக்காரர் எறிவதில்லை. ஈரம் குறைந்திருப்பதால் எண்ணெயில் நன்றாக மொறுமொறுக்கும். அதைத் துண்டுபோட்டுப் பொரித்து, மிளகாய்ச் சாற்றில் புரட்டினால் மறுநாள் காலைக்குச் சிலாகீலெஸ் தயார்.