குவாட்டர்ஸ்: ஒரு வீட்டின் பெயரும் அதன் தமிழும்

இலங்கையின் கிழக்கே மட்டக்களப்பு மாவட்டத்து வாழைச்சேனைக் காகித ஆலையில் வேலை செய்த குடும்பத்தில் பிறந்தவரிடம் "எங்கே வளர்ந்தீர்கள்?" என்று கேட்டால், ஊர்ப் பெயருக்கு முன்பே "குவாட்டர்ஸில்" என்ற பதில் வரும்; வேலை கொடுத்தவர் தங்கக் கொடுத்த வீடுதான் குவாட்டர்ஸ். தமிழ்நாட்டு வாசகர் சிரிக்க வேண்டாம். அவர் நினைக்கும் பொருளுக்கு எங்கள் பக்கம் 'கால் போத்தல்' என்ற பாதித் தமிழ் இருக்கிறது.

'குவார்ட்டுஸ்' என்றால் இலத்தீனில் நான்காவது. அதன் வழியில் பிரெஞ்சில் 'கார்த்தியே' வந்தது. முதலில் நாலில் ஒரு பங்கு, பிறகு நகரத்தின் ஒரு பகுதி என்று பொருள் விரிந்தது. ஆங்கிலத்தில் படையினர் தங்கும் இடமானது. படையினரிடமிருந்து அரசு ஊழியருக்கும் ஆலைத் தொழிலாளிக்கும் இறங்கி வந்தபோது, நாலில் ஒன்று என்ற கணக்கு வழியில் எங்கோ உதிர்ந்துவிட்டது. தங்கச் சொன்னவர் வேறு, தங்குபவர் வேறு என்ற பொருள் மட்டும் உதிரவில்லை.

கிழக்கில் இந்தச் சொல் வேரூன்றியதில் இரண்டாம் உலகப் போரை அடுத்த ஆண்டுகளுக்குப் பெரும் பங்குண்டு. 1949இல், கல்லோயா ஆற்றுப் பகுதியில் நீர்ப்பாசனமும் குடியேற்றமும் செய்ய, கல்லோயா அபிவிருத்திச் சபை அமைந்தது. இங்கினியாகலையில் அணை கட்ட அமெரிக்காவின் மொறிசன் நட்சன் நிறுவனம் வந்தது. கட்டுமானத் தொழிலாளர் தங்கிய இடம்தான் அம்பாறை நகரமாக வளர்ந்தது. 1961இல் அது மட்டக்களப்பிலிருந்து பிரிந்து தனி மாவட்டத்தின் தலைநகரும் ஆயிற்று. மத்திய முகாம், 4ஆம் கொலனி என்று அந்தப் பக்கத்து ஊர்ப் பெயர்கள் இன்னும் அந்தக் காலத்துக் கோப்பு வாசனையோடுதான் இருக்கின்றன. வாழைச்சேனையில் வைக்கோலிலிருந்து காகிதம் செய்யும் ஆலை 1950களில் எழுந்தது.

அந்த வீடுகளில் அலங்காரம் தேடுபவர் ஏமாந்துபோவார். முன்னால் விறாந்தை, உள்ளே அறைகள், பின்னால் குசினி, அதற்கும் அப்பால் கக்கூசு. விறாந்தையும் குசினியும் யன்னலும் போர்த்துக்கேயர் விட்டுப்போன சொற்கள். கக்கூசு ஒல்லாந்தர் தந்தது. எல்லாவற்றையும் சேர்த்து அழைக்கும் பெயர் ஆங்கிலம். ஆண்டவர்கள் மூவரும் ஒரே கூரையின் கீழ்!

இதற்குத் தமிழ் என்ன? 'குடிசை' என்று எழுதுபவர்கள் இருக்கிறார்கள். கல்லும் சீமெந்தும் கொண்டு கட்டிய வீட்டைக் குடிசை என்பது அந்த வீட்டுக்கும் குடிசைக்கும் ஒருங்கே செய்யும் அநியாயம். 'சிற்றில்' அழகான சொல். புறநானூற்றின் 86ஆம் பாடலில் ஒரு தாயின் வீடு சிற்றில்தான். ஆனால் பிள்ளைத்தமிழ் படித்தவருக்குச் சிற்றில் என்றதும் சிறுமியர் கட்டிய மணல்வீடே கண்முன் வரும். அரசாங்கக் கடிதங்கள் 'விடுதி' என்கின்றன. வைத்தியர் விடுதி, ஆசிரியர் விடுதி எல்லாம் எங்களுக்குப் பழகியவை. தனி வீட்டுக்கு அது பொருந்தும். வரிசையாக நிற்கும் முழுத் தொகுதிக்கு 'தொழிலாளர் குடியிருப்பு' என்பதே சரி என்பேன்.

ஆனால் மட்டக்களப்பில் 'குடி' என்ற சொல்லை அவ்வளவு எளிதாகக் கையாள முடியாது. இங்கே குடி என்றால் தாய்வழி வரும் குலப்பிரிவு. கலியாணப் பேச்சில் குடி விசாரிப்பார்கள், கோயிலில் குடி முறைப்படி உரிமை பார்ப்பார்கள். வீடும் பெண்பிள்ளைக்கே சீதனமாகப் போகும், மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து வாழ்வார். தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் இந்த வழக்கம் உண்டு. குவாட்டர்ஸை மகளுக்கு எழுதிக் கொடுக்க எந்தத் தகப்பனாலும் முடியாது. வேலை முடிந்தால் திறப்பை, அதாவது சாவியை, திருப்பிக் கொடுக்க வேண்டும். குடி வழியாகக் கைமாறாத வீட்டுக்குப் பெயர் குடியிருப்பு!

இந்த வீடுகளைப் பேண வேண்டிய 'மரபுரிமை' என்று சொல்லப் போனால், அங்கேதான் அந்தச் சொல்லும் இடறுகிறது. தமிழ்நாட்டில் 'பாரம்பரியச் சின்னம்' என்பதை இலங்கையில் மரபுரிமை என்கிறோம். மரபும் உரிமையும் சேர்ந்த சொல். இந்த வீடுகளில் மரபு இருக்கிறது: ஆலைச் சங்கு ஊதும் நேரத்துக்கு எழுந்த வாழ்க்கை, பல ஊரார் ஒரே வரிசையில் பழகிய பழக்கம். உரிமை மட்டும் வாழ்ந்தவரிடம் இருந்ததில்லை. 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டம் புராதனச் சின்னத்துக்கு வைத்த எல்லை 1815 மார்ச் 2, கண்டி இராச்சியம் கைமாறிய நாள். 1950களின் வீடு அந்த வரையறைக்குள் நுழையவே முடியாது. ஆகவே அதன் மரபுரிமைப் பெறுமதியை அதில் வாழ்ந்தவர்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

எழுதுபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இவற்றைப் 'போருக்குப் பிந்திய வீடுகள்' என்று எழுதாதீர்கள். எங்கள் பக்கத்தில் அப்படி எழுதினால், உள்நாட்டுப் போர் முடிந்த 2009க்குப் பிறகு வந்த வீட்டுத்திட்டம் என்றே படிப்பார்கள். 'இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய தொழிலாளர் குடியிருப்பு' என்று நீட்டியே எழுதுங்கள். பேச்சில் குவாட்டர்ஸ் இருந்துவிட்டுப் போகட்டும்.