எலும்புக்குக் கட்டிய சாரத்தை யார் பிரிப்பது?

எலும்பில் விழும் சிறு விரிசலை உடம்பே ஒட்டிக்கொள்ளும். ஆனால் விபத்தில் நொறுங்கியோ, கட்டியை வெட்டி எடுத்ததாலோ பெரிய பள்ளம் விழுந்துவிட்டால் கதை வேறு. அதைத் தாண்டி வளர எலும்புச் செல்களுக்குப் பிடிமானம் வேண்டும். அதற்காக நுண்துளைகள் நிறைந்த பீங்கான் துண்டு ஒன்றை அங்கே வைக்கிறார்கள். கட்டடத்துக்குக் கட்டும் சாரம் மாதிரிதான். ஆனால் வேலை முடிந்ததும் இதைப் பிரிக்க யாரும் மறுபடி உள்ளே போவதில்லை. அதுவாகவே மறைய வேண்டும்.

பீங்கான் கோப்பையை வருஷக்கணக்கில் தண்ணீரில் போட்டாலும் கரையாதே என்று கேட்கலாம். கோப்பை களிமண்ணைச் சுட்டுச் செய்தது. இந்தச் சாரமோ பெரும்பாலும் கால்சியம் பாஸ்பேட். எலும்பின் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு அதே குடும்பத்துத் தாதுதான்.

அப்படியும் ஒரு சிக்கல் இருக்கிறது. தெவிட்டிய உப்புக் கரைசலில் இன்னொரு பிடி உப்பைப் போட்டால் அடியில் தங்கிவிடும் அல்லவா? நம் உடல் திரவத்தில் கால்சியமும் பாஸ்பேட்டும் ஏற்கெனவே அதைவிட நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன. ஹைட்ராக்ஸிஅபடைட் என்ற எலும்புத் தாதுவை அதில் வைத்தால் கரையாது. போதாக்குறைக்கு மேலே புதுப் படலம் படியும். (பிறகு நாமே ஏன் கல்லாகிவிடவில்லை? படிகம் வளராமல் தடுக்கும் பைரோபாஸ்பேட், ஃபெட்யூயின் போன்றவை ரத்தத்தில் காவல் இருக்கின்றன.)

சரி, அப்புறம் யார்தான் கரைப்பது? ஆஸ்டியோகிளாஸ்ட் என்ற செல். பல உட்கருக்கள் கொண்ட இந்தப் பெரிய செல், எலும்பின் மேல் கவிழ்த்த கிண்ணம் போல உட்கார்ந்து, விளிம்பைச் சுற்றிலும் இறுக ஒட்டிக்கொள்ளும். செல்லுக்குள் கார்பன் டை ஆக்சைடும் தண்ணீரும் சேர்ந்து கார்பானிக் அமிலமாகின்றன. அதிலிருந்து பிரியும் ஹைட்ரஜன் அயனிகளைச் செல் கிண்ணத்துக்கு அடியில் பம்ப் செய்து தள்ளுகிறது; குளோரைடும் பின்னாலேயே போகிறது. ஆக அங்கே சேர்வது ஹைட்ரோகுளோரிக் அமிலம்! அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் (எண் குறையக் குறைய அமிலம் அதிகம்) வெளியே 7.4, கிண்ணத்துக்கு அடியில் சுமார் 4.5. அதாவது ஹைட்ரஜன் அயனிகள் கிட்டத்தட்ட 800 மடங்கு அதிகம். அவை படிகத்தின் பாஸ்பேட்டையும் ஹைட்ராக்சைடையும் பிடித்துக்கொள்ள, கால்சியம் துணையில்லாமல் கழன்று வருகிறது. கரைந்ததைச் செல் உறிஞ்சி மறுபக்கம் வெளியே விடுகிறது. அது ரத்தத்தில் கலந்து மீண்டும் பயன்படும்.

இது சாரத்துக்காக உடம்பு கற்றுக்கொண்ட வித்தை அல்ல. பெரியவர்களின் எலும்பில் சுமார் 10 சதவீதம் ஒவ்வோர் ஆண்டும் இப்படித்தான் கரைக்கப்பட்டு, ஆஸ்டியோபிளாஸ்ட் செல்களால் புதிதாகக் கட்டப்படுகிறது. சாரத்தையும் அந்த வரிசையில் நிற்கவைப்பதுதான் பொருளறிவியலாளரின் சாமர்த்தியம்.

அதில் வேகம்தான் தலைவலி. 1892இல் ஜெர்மனியைச் சேர்ந்த டிரீஸ்மன் என்ற மருத்துவர் எலும்புப் பள்ளத்தை பாரிஸ் சாந்தால் நிரப்பினார். கால்சியம் சல்பேட்டான அது செல்களுக்காகக் காத்திருக்காமல் திரவத்திலேயே கரைந்து, சில வாரங்களில் காணாமல் போய்விடும். எலும்பு பாதியில் நிற்கும். அதற்கு நேர்மாறு, 1000 டிகிரி செல்சியஸுக்கு மேல் சுட்டு இறுக்கிய ஹைட்ராக்ஸிஅபடைட். பல ஆண்டுகள் கழித்து எடுத்த எக்ஸ்ரேயிலும் வெள்ளையாகத் தெரியும். நடுவில் நிற்பது பீட்டா ட்ரைகால்சியம் பாஸ்பேட். ஹைட்ராக்ஸிஅபடைட்டில் ஒரு பாஸ்பரஸுக்கு 1.67 கால்சியம், இதில் 1.5. இந்தச் சின்ன வித்தியாசத்தோடு படிக அமைப்பும் மாறுவதால், அதைவிட எளிதாகக் கரைந்து, பெரும்பாலும் மாதங்களிலிருந்து இரண்டொரு ஆண்டுகளுக்குள் மறைகிறது. இரண்டையும் கலந்து வேகத்தைத் திருகிக்கொள்கிறார்கள்.

கரைவதும் மேலிருந்து சீராக நடப்பதில்லை. சுட்டபோது மணிமணியாக ஒட்டிக்கொண்ட துகள்களின் கழுத்துப் பகுதி பல சமயம் முதலில் கரையும். துகள்கள் உதிரும், மேக்ரோஃபேஜ் செல்கள் அவற்றை விழுங்கும். ரத்தக் குழாய்கள் நுழைய 100 மைக்ரானுக்கு மேற்பட்ட, ஒன்றோடொன்று இணைந்த துளைகள் தேவை. துளை கூடினால் கரைய மேற்பரப்பும் கூடும், வலிமை குறையும். சாரம் இளைத்து, எலும்பு இன்னும் முற்றாத இடைக்காலம்தான் ஆபத்தானது. பாரம் தாங்கும் எலும்பானால் பக்கத்தில் உலோகத் தகடும் வைப்பது இதனால்தான்.

உண்மையில் நம் எலும்புத் தாது சுத்தமான ஹைட்ராக்ஸிஅபடைட் அல்ல. அதில் கொஞ்சம் கார்பனேட் கலந்திருக்கிறது. படிகத்தை நெளிய வைத்து, ஆஸ்டியோகிளாஸ்ட்டின் வேலையை எளிதாக்குவது அதுதான். சாரத்திலும் அதைச் சேர்க்கலாம்தான், ஆனால் சூளைச் சூட்டில் கார்பனேட் சிதைந்து பறந்துவிடும். அதற்குச் சூளையே இல்லாத ஒரு வழி உண்டு. கால்சியம் கார்பனேட் துண்டைப் பாஸ்பேட் கரைசலில் ஊறப்போடுகிறார்கள். வடிவம் அப்படியே இருக்க, உள்ளே இருக்கும் பொருள் மட்டும் மெல்ல மெல்லக் கார்பனேட் கலந்த அபடைட்டாக மாறிவிடுகிறது.