சுவரில் உள்ளங்கை அகல எட்டுக்கால் பூச்சியா? ஸ்பிரேயைக் கீழே வையுங்கள்

மழை தொடங்கிவிட்டால் பெங்களூரு அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுக்களில் இந்தப் படம் வராமல் இருக்காது. தட்டை உடல், நண்டு மாதிரி பக்கவாட்டில் விரிந்த கால்கள், வலையே இல்லை. பெரும்பாலும் அது ஹன்ட்ஸ்மேன் சிலந்தி. அறிவியல் பெயர் ஹெட்டெரோபோடா வெனடோரியா. உடல் இரண்டரை சென்டிமீட்டர்தான், காலோடு சேர்த்தால் 10, 12 வரும். லாவோஸில் இதன் உறவுக்காரச் சிலந்தி ஒன்று காலோடு சேர்த்து 30 சென்டிமீட்டர் வரும். அதற்குப் பெயர் வைத்ததே 2001இல்தான்.

இது இரவில் ஓடிப்பிடித்துக் கரப்பான் தின்னும். பாத்ரூமில் இது சுற்றுகிறதென்றால் அங்கே கரப்பானும் இருக்கும். நசுக்கினாலோ, வயிற்றுக்கடியில் தட்டையான முட்டைப்பையைச் சுமக்கும்போது சீண்டினாலோ கடிக்கும். வலியும் வீக்கமும் வரும், உயிருக்கு ஆபத்தில்லை. சோப்பு போட்டுக் கழுவி, துணியில் சுற்றிய ஐஸை 10 நிமிடம் வையுங்கள். மூச்சுத் திணறினால் உடனே ஆஸ்பத்திரி.

ஸ்பிரே அடித்தால் உடனே சாகாது. தாறுமாறாக ஓடி, அடித்தவர் மேலேயே விழலாம். அதைவிட, வாய் 15 சென்டிமீட்டராவது அகலமுள்ள பிளாஸ்டிக் டப்பாவை எடுங்கள். டம்ளர் உதவாது, விளிம்பில் கால் மாட்டினால் காலைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடிவிடும். டப்பாவை மெதுவாகப் பக்கத்தில் கொண்டுபோய்ச் சட்டென்று கவிழ்த்து, காலண்டர் அட்டையைச் சுவரை ஒட்டிக் கொஞ்சம் கொஞ்சமாக நுழையுங்கள். கால்களைத் தானே உள்ளே இழுத்துக்கொள்ளும். வெளியே மரத்தில் விடலாம். ஏசி பைப் ஓட்டையைச் சிலிகான் வைத்து அடைத்து, கரப்பானுக்கு ஜெல் வைத்தால் மறுபடி வருவது குறையும். நாள்கணக்கில் அசையாமல் ஒட்டியிருந்தால் அது உரித்துப் போட்ட சட்டையாகவும் இருக்கலாம், தொட்டாலே உதிர்ந்துவிடும்.

தடித்த கால், உடம்பெல்லாம் அடர்ந்த மயிர், கனத்த உடல் என்றிருந்தால் டரான்டுலாவாக இருக்கலாம். அதில் மரத்தில் வாழும் சில வகைகள் கடித்தால் தசைப்பிடிப்பு வரும். கை வைக்காமல் வனவிலங்கு மீட்பாளரைக் கூப்பிடுங்கள்.

‘எட்டுக்கால் பூச்சி மூத்திரம் பெய்துவிட்டது’ என்று கழுத்தில் வந்த கொப்புளத்தைக் காட்டுபவர்கள் இன்னும் குறையவில்லை. சிலந்தி அப்படி எதுவும் செய்வதில்லை. காலையில் எழுந்ததும் கோடு கோடாக எரிந்தால், விளக்குக்கு வரும் ஆரஞ்சும் கறுப்புமான மெலிந்த வண்டு தூக்கத்தில் நசுங்கியிருக்கும். அதன் சாறுதான் சுடுகிறது. உடம்பின் ஒரே பக்கத்தில் பட்டையாக வலியோடு கொப்புளம் வந்தால் அது அக்கி. கொப்புளம் வந்த 72 மணி நேரத்துக்குள் வைரஸ் மருந்து தொடங்கினால்தான் முழுப் பலன். அக்கி மேல் காவி மண்ணால் எழுத ஆள் தேடியே அந்த மூன்று நாளும் போய்விடும்.